பை வைத்துத் தைத்த கோட்டு

என் அண்ணிக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்று சிலரைச் சொல்வோமே, அந்த ரகம். தையல் அவர் தொழில். பெரிய கடையெல்லாம் இல்லை. வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவர் முழுக்க ஆணி. பேன்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது, வளர்ந்த பிள்ளைகளின் சீருடையைப் பிரித்து விடுவது, இதுதான் அன்றாட வேலை. விடிந்தால் வேண்டும் என்று விளக்கு வைத்த பிறகு துணியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அண்ணி வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொண்ட பிறகுதான் முதுகைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்.

நான் அவருடைய கொழுந்தன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து “பிரேக், பிரேக்” என்று கத்துவதுதான் பிழைப்பு என்பதால், என்னிடம் யாரும் பொறுமையை எதிர்பார்ப்பதில்லை. அண்ணன் போன பிறகு நானும் அண்ணியும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். அவர் கீழே, நான் பின்பக்கம். அவருக்குப் பதிலாக முகத்தைச் சுளிப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

அண்ணியின் ஒரே மகள் கடல் தாண்டி ஒரு ஊரில் வேலை பார்க்கிறாள். அண்ணி அவளைப் பார்க்கக் கிளம்புகிறார் என்ற செய்தி எப்படித்தான் பரவுமோ, தெருவே வாசலில் வந்து நிற்கும். அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு மகனோ மருமகளோ தங்கையோ இருக்கிறார்கள். “சின்னதுதான் அக்கா, ஒரு ஓரமா வெச்சுக்கங்க” என்று தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். குக்கர் ரப்பர், மூட்டு வலித் தைலம், பழைய மூக்குக் கண்ணாடி, மிக்சி ஜாருக்கு பிளேடு. உப்புப் பெறாத சாமான்கள். அண்ணிக்கு நான் கூரியர் அக்கா என்று பட்டம் வைத்தேன். வெட்கம் வந்து நிறுத்துவார்கள் என்று பார்த்தால், தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அண்ணிக்கு அவர் அம்மா வீட்டில் சொல்லி வளர்த்தது ஒன்றே ஒன்று. யார் வீட்டுக்கும் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. அதை இவர் பிடித்த பிடியில், போன முறை ஊருக்குப் போனபோது மகளின் லீவு மொத்தமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்விட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்சல் கொடுத்து, அங்கெல்லாம் உட்கார்ந்து பேசி, சாயங்காலம் திரும்பி வந்து படுத்தால் எழுந்திருக்க முடியாது. வழியனுப்பும்போது மகள் கேட்டாளாம்.

“நீ என்னைப் பார்க்க வந்தியா, இல்ல பார்சல் கொடுக்க வந்தியாம்மா?”

இதை அண்ணி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பலமுறை சொன்னார்.

இந்த முறை விஷயம் வேறு. மகளின் கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி போய்ச் சேர்ந்த மறுநாளே ஆபரேஷன். டிக்கெட்டை மகளே போட்டு அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே மலிவான விமானம். இருக்கைக்கு அடியில் நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். பெட்டி போட வேண்டுமென்றால் டிக்கெட்டைவிட அதிகம் கேட்கிறான். விமான நிலையத்தில் கவுன்ட்டர்கூடக் கிடையாதாம், எல்லாம் போனிலேயே. கை நிறையச் சம்பளம் வாங்குகிற பெண் பெற்ற தாய்க்குப் போட்ட டிக்கெட் இது என்று மூக்கு முட்டத் திட்டினேன்.

“அவளுக்கு என்ன செலவோ, விடுங்க தம்பி” என்றார் அண்ணி.

தெருவுக்கு இந்த முறை நான் காவல் நின்றேன். பெட்டி கிடையாது, இடம் கிடையாது, போய் வாருங்கள். நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். அண்ணி எல்லாவற்றையும் வாங்கி இஸ்திரி மேசைக்கு அடியில், எனக்குத் தெரியாமல், துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

கிளம்பும் நாள் காலையில்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். என் அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் காவலுக்கு இருந்தபோது அங்கே அவருக்குக் கொடுத்த கனமான கோட்டு. அண்ணி போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார்.

“இந்த வெயில்ல கோட்டு எதுக்கு அண்ணி?”

“அங்க குளிருமாம்.”

ஒரு அடி எடுத்து வைத்தார். கோட்டுக்குள் ஏதோ கலகலவென்றது. நான் பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். உள் துணி முழுக்கப் பை. சீருடையில் மிஞ்சிய நீலத் துண்டு, காக்கித் துண்டு, கட்டம் போட்ட துண்டு எல்லாம் வைத்து வரிசையாகத் தைத்திருந்தார். எடை ஒரு பக்கம் இழுக்காதபடி இடமும் வலமும் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பைக்கும் மூடி வைத்து, மூடிக்குப் பொத்தான் வைத்து, எது யார் வீட்டுச் சாமான் என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல்.

“போட்டிருக்கற துணியை லக்கேஜ்னு சொல்ல மாட்டாங்களாம்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “விசாரிச்சுட்டேன்.”

எனக்குத் திட்டவும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேலை அவ்வளவு நேர்த்தி.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் விமான நிலையத்துக்குள் போனேன். பழைய கவுன்ட்டர்கள் இருந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. தரையில் திருகாணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. போன முறை அங்கே ஒரு பெண் இருந்தாள். பெட்டி எடை கூடியபோது அண்ணி அவளிடம் அரை மணி நேரம் பேசி, அவள் ரவிக்கை அளவு சரியில்லை என்பதுவரை பேசி, காரியத்தைச் சாதித்துவிட்டார். இப்போது பேசுவதற்கு ஆள் இல்லை. போர்டிங் பாஸ் அச்சடிக்கிற இரண்டு மெஷின் நின்றது, அதில் ஒன்று ஓடவில்லை. சோதனைப் பகுதிக்குப் போகும் வழியில் இரும்புக் கூண்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு இளைஞன் நின்றான். கூண்டுக்குள் நுழையாத பைக்குத் தண்டம். அண்ணியின் பை சுலபமாக நுழைந்தது. கோட்டை அவன் ஏற இறங்கப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அண்ணி எல்லாவற்றையும் யோசித்திருந்தார். சோதனையில் கோட்டைக் கழற்றச் சொல்வார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இதற்கு முன்பு அவர் கோட்டு போட்டுக்கொண்டு போனதே இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிய கோட்டைத் தட்டில் வைக்க அவரால் முடியவில்லை, இன்னொருவர் கை கொடுத்தார். கோட்டு மெஷினுக்குள் போனது, பெல்ட் நின்றது, திரையைப் பார்த்த அதிகாரி பக்கத்திலிருந்த பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஒரு பையைத் திறந்தார், தைலப் பாட்டில். இன்னொன்றைத் திறந்தார், மிக்சி பிளேடு. மூன்றாவதில் கதவுத் தாழ்ப்பாள். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு பொத்தான் பொத்தானாகக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் கோட்டை அவர் கையில் கொடுத்து வெளியே கையைக் காட்டினார்கள். அண்ணி அதைத் தூங்கும் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கயிற்றண்டை வந்தார்.

“எல்லாத்தையும் எடுத்து ஒவ்வொண்ணா தட்டுல வைக்கணுமாம். பாதியை விட மாட்டாங்களாம். யார்கிட்டயாவது கொடுத்துட்டு வர்றதுன்னா வாங்கன்னாங்க.”

“என்கிட்ட கொடுங்க. கேட்டை மூடிடப் போறாங்க.”

“தைலம் மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு, மத்ததை...”

“அண்ணி, விமானம் போயிடும்.”

அவர் கோட்டை விடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. “வாங்கி வெச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க? நான் என்ன சொல்லுவேன்?”

நாளைக்குப் பெண்ணின் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், இவர் தாழ்ப்பாளுக்கு அழுகிறார். எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வாயில் வந்தது.

“நீங்க ஏன் சொல்லணும்? விமானக்காரன் விடலைன்னு நான் சொல்லிக்கிறேன். பழியைத் தூக்கி அவன் தலையில போடுங்க.”

“நம்புவாங்களா?”

“கவுன்ட்டரையே பிடுங்கிட்டான் அண்ணி. வந்து பார்க்கச் சொல்றேன், ஓட்டை இருக்கு.”

அண்ணி அந்த ஓட்டைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டை என் தோளில் போட்டார். சட்டென்று அவர் உயரம் கூடியது போல் இருந்தது. “நீல நூல் மாடி வீடு” என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. போட்டுக்கொண்டேன். வேர்த்து ஊற்ற, கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாசலிலும் கோட்டைப் பிரித்து நூலைப் பார்த்துச் சாமானை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் விமானக்காரனை வாய் வலிக்கத் திட்டினார்கள். அண்ணியை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. “பாவம் கூரியர் அக்கா, எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க” என்று எனக்கே தண்ணீர் கொடுத்தார்கள். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தார் என்று இருந்தது.

மாடி வீட்டு அம்மா மட்டும் திட்டவில்லை. அவர் கொடுத்திருந்தது மகனின் பழைய கம்பளித் தொப்பி. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது அவனுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஏதாவது கொடுத்தாத்தானே யாராவது போய் அவனைப் பார்ப்பாங்க. வந்து சொல்லுவாங்க, இளைச்சிருக்கான், நல்லா இருக்கான்னு.”

உப்புப் பெறாத சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கீழே இறங்கி வந்தேன்.

அண்ணி சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது என்று வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த அந்த நாட்களில், ஒரு பையன் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தபோதுகூட நான் கத்தவில்லை. அவன்தான் பயந்துவிட்டான்.

போன் ஒரு காலையில் வந்தது. மகள்தான். தொண்டை கரகரத்தது.

“சித்தப்பா, ஒண்ணுமில்லையாம். சாதாரணக் கட்டிதானாம்.”

வயிற்றில் பாலை வார்த்தாள். மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு, சந்தோஷம் வந்ததும் பழைய புத்தியும் வந்துவிட, “அது சரி, அம்மாவுக்கு அப்படி ஒரு விமானத்துலயா டிக்கெட் போடுவே?” என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று சொல்லி நிறுத்தினாள்.

“தேடித் தேடிப் போட்டேன் சித்தப்பா. பெட்டியே விடாத விமானம் எதுன்னு பார்த்து. அம்மாவுக்கு யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல வராது. அதான், அவங்களுக்காக வேற யாராவது சொல்லட்டும்னு. வெளிய வர்ற வாசல்ல நின்னுட்டிருந்தேன். மத்தவங்க எல்லாம் ஏதேதோ தள்ளிட்டு, இழுத்துட்டு வந்தாங்க. தோள்ல அந்தச் சின்னப் பை, அவ்வளவுதான், அம்மா ரெண்டு கையையும் வீசிட்டு வந்தாங்க. வந்து ரெண்டு கையாலயும் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறவரைக்கும் விடவே இல்லை.”

அவளைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அண்ணி போனை வாங்கிக்கொண்டார். குரல் நன்றாகத் தூங்கி எழுந்தவர் குரல் மாதிரி இருந்தது.

“சாமான் எல்லாம் கொடுத்துட்டீங்களா தம்பி? யாரும் ஏதாவது சொன்னாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை.” மாடி வீட்டு அம்மா சொன்னதை மட்டும் சொன்னேன்.

“அவனை நான் இங்கயே வரச் சொல்லிட்டேன். இவளை விட்டுட்டு நான் எங்கயும் போகப் போறதில்லை. வந்ததும் அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கறேன், முகத்தைப் பார்த்துக்கட்டும்.”

அண்ணியா பேசுவது என்று இருந்தது எனக்கு. எதிரே ஆணியில் அண்ணனின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“கோட்டை என்ன பண்ணட்டும் அண்ணி?”

“இருக்கட்டும், அவர் கோட்டு. பை எல்லாத்தையும் மட்டும் பிரிச்சுடுங்க. மெஷின் டிராயர்ல தையல் பிரிக்கறது இருக்கு, துணி கிழியாம பார்த்துப் பண்ணுங்க.”

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அண்ணியின் முக்காலியில் உட்கார்ந்து, நீலம், காக்கி, கட்டம் என்று ஒவ்வொரு பையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். தையல் அவ்வளவு உறுதி. மத்தியானத்துக்கு மேல் எதிர்வீட்டுக்காரர் கையில் ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்று, அக்கா அடுத்து எப்போது போகிறார் என்று கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்காமல் கோட்டை விரித்துக் காட்டினேன்.