அம்மா மறித்த கரிக்கோச்சி

படத்துக்குள் ஆள் வந்துவிட்டால் அது குடும்பப் படம், ஆள் வராவிட்டால்தான் அது ரயில் படம் என்பது என் அப்பாவின் கொள்கை. அதை அவர் ஒரு விரதம்போலப் பல வருடங்களாகக் கடைப்பிடித்தார். சுவிசின் ஓல்டன் நகரில், எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சாமிப் படங்களுக்கு அடுத்தபடியாக நீராவி இஞ்சின்கள்தான் இருந்தன. பாலத்தில் வருவது, பனிக்குள் நிற்பது, குகையிலிருந்து கரும்புகையோடு தலை நீட்டுவது என்று பல விதம். எதிலும் ஒரு மனிதத் தலை கிடையாது. வீட்டுக்கு வரும் சனம் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளையின்ரை படம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கும்.

"பிள்ளைக்குப் புகைபோக்கி இல்லை. அதுதான் எடுக்கேல்லை" என்பார் அம்மா.

நீராவி ரயிலை எங்கள் சனம் கரிக்கோச்சி என்று சொல்லும். அப்பாவின் இந்தப் பைத்தியத்தைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு வைத்திருந்தார்கள். சித்தப்பாவின் பேச்சுத்தான் எனக்குப் பிடித்தது. "எல்லாரும் சுவிசுக்கு வந்து முன்னேறினவை. அண்ணை மட்டும் வந்த இடத்திலை நூறு வருசம் பின்னுக்குப் போயிட்டார்." அப்பா இதற்கெல்லாம் சிரிப்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிக் கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அவர் போகும் ரயில்பாதை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தரம் ரயில் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளத்தாக்கில் இருந்தது. எல்லோரும் வேண்டாம் என்று கைவிட்ட தண்டவாளத்தை அந்த ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். சம்பளம் கிடையாது. கிழமை நாட்களில் பல்லுப் பிடுங்குகிற வைத்தியர், ஞாயிறு வந்தால் முகமெல்லாம் கரியோடு நின்று இஞ்சின் ஓட்டுவார். சீட்டு வெட்டுபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அல்ற்றர்ஸ்ஹைமில், அதுதான் வயோதிபர் இல்லத்தில், இரவு வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "கிழமை முழுக்க உழைச்சுப்போட்டு ஞாயிறும் வந்து சும்மா உழைக்கிற சனத்தை நான் இஞ்சைதான் கண்டன்" என்பார்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவின் கண்கள் மங்கத் தொடங்கின. சீனி வருத்தம் அவருக்குப் பல காலமாக இருந்தது. அது மெல்ல மெல்லக் கண்ணுக்குள் ஏறிவிட்டது. பண்டகசாலையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரை அதிலிருந்து இறக்கி, பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். இடது கண் அந்தக் கோடையோடு போய்விட்டது. வலது கண்ணை ஒக்டோபர் கடைசியில் வெட்டி, சத்திரசிகிச்சை செய்து பார்ப்பதாகத் தீர்மானமானது. சுகம் வரலாம், உள்ளதும் போகலாம் என்று வைத்தியர் சொன்னதை அம்மா தொலைபேசியில் மாமிக்குச் சொல்லும்போது நான் கேட்டேன். அம்மா அதை அழாமல்தான் சொன்னார். அதனால் அது அவ்வளவு பெரிய விசயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டுக்கு முந்திய ஞாயிறுதான் அந்த வருடத்தில் கரிக்கோச்சி கடைசியாக ஓடும் நாள்.

"ஒரு படம். ஒரே ஒரு நல்ல படம் எடுத்துப்போட்டுப் போய்ப் படுக்கிறன்" என்றார் அப்பா.

"தனியப் போகேலாது. நானும் வாறன்" என்றார் அம்மா.

அப்படித்தான் அம்மா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரிக்கோச்சி பார்க்க வந்தார். இரவு வேலையிலிருந்து வந்தவர் படுக்கவில்லை. புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, அப்பாவின் இன்சுலின் ஊசியையும் அதே சாப்பாட்டுப் பைக்குள் குளிர்ப்பொதி சுற்றி வைத்து, சிவப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார். கரிக்கோச்சியின் மரப் பெட்டியில் உட்காரக் கடினமான வாங்குகள். ரயில் புறப்பட்டு அரை மைல் போகமுன்னரே அம்மா தலையை யன்னலில் சாய்த்து நித்திரையாகிவிட்டார். அதனால்தான் தபால்காரர் பெட்டி பெட்டியாக வந்து சொன்னது அவர் காதில் விழவில்லை.

அவர் சொன்னது இதுதான். கடைசி நாள் என்றபடியால் வழியில் ஒரு புல்வெளியில் ஃபோட்டோஹால்ட் உண்டு. படமெடுக்க விருப்பமானவர்கள் இறங்கலாம். எல்லோரும் இறங்கி ஒரு வரிசையில் நின்றதும், ரயில் வெறும் பெட்டிகளோடு பின்பக்கமாக வளைவுக்கு அப்பால் போகும். பிறகு ஒரு கூவல். நல்ல புகையோடு, வேகத்தோடு, எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து காட்டும். பிறகு நிற்கும், எல்லோரும் ஏறலாம். எங்கள் கோயிலில் சாமியைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் ஆட்டி ஆட்டிக் கொண்டுவருவார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான். கமராக்காரர்களுக்கு அதுதான் திருவிழா. அப்பா அதை எத்தனையோ தரம் கண்டவர். உலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ரயில் நின்றது. சனம் இறங்கியது. அம்மா திடுக்கிட்டு எழும்பி, கடைசி ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நினைத்து, எங்கள் பின்னால் இறங்கினார். சாப்பாட்டுப் பை பெட்டிக்குள் வாங்கிலேயே இருந்தது.

வரிசைக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் எவரும் போகக்கூடாது. முக்காலிகள், ஏணிகள், தலையில் கம்பளித் தொப்பிகள். ஏணியோடு ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவர் இடத்துக்காக விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா தன் இடத்தைப் பிடித்து, என்னைக் கமராவுக்குள் பார்க்கச் சொன்னார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அந்தக் கல்லில் இருந்த எழுத்துத் தெளிவாகத் தெரியும்வரை வில்லையின் வளையத்தை என்னைத் திருப்பச் சொன்னார். இஞ்சின் அந்தக் கல்லுக்கு வரும்போது கமராப் பொத்தானை அமத்தவேண்டும், அதுதான் திட்டம். நான் திருப்பி முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து, வேலையிடத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுகிற மண்ணிற நாடாவில் ஒரு துண்டை எடுத்து, வளையம் அசையாமல் இறுக்கி ஒட்டினார்.

"இனி ஆண்டவன் வந்தாலும் இதைத் திருப்பக்கூடாது" என்றார்.

ரயில் பின்பக்கமாக அசையத் தொடங்கியது.

வரிசையின் கோடியில் அம்மா குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ரயில் எங்களை எல்லாம் புல்லுக்குள் விட்டுவிட்டு வந்த வழியே போவதை முதலில் சும்மா பார்த்தார். பிறகு ஒருதரம் தன் கையைப் பார்த்தார்.

"ஐயோ, ஊசி."

அவ்வளவுதான். கயிற்றுக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, அம்மா ரயிலுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார். அம்மா ஓடி நான் அதற்கு முதல் கண்டதில்லை. பின்னாலிருந்து பல குரல்கள் கூப்பிட்டன. அம்மா திரும்பவில்லை. "ஹால்ட், ஹால்ட்" என்று அந்த நாட்டுப் பாசையிலும், "நில்லடா, நில்லு" என்று எங்கள் பாசையிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டு ஓடினார். ரயில் இரண்டு பாசையையும் கேட்காமல் வளைவுக்குள் மறைந்தது. அம்மா தண்டவாளத்தின் ஓரமாக, வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

வளைவுக்கு அப்பால் கூவல் கேட்டது.

அது வந்த வரவை நான் இன்றைக்கும் சொல்லுவேன். பனிப்புகாரைக் கிழித்துக்கொண்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் புகையைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அப்பா எத்தனையோ வருடங்களாகக் காத்திருந்த படம் அது. அம்மா அதைக் கண்டதும் தெருவில் பஸ்ஸை மறிப்பதுபோல ஒரு கையை நீட்டிக்கொண்டு ரயிலுக்கு நேரே திரும்பி நின்றார்.

வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கமராக்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஏணிக்காரர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். ஒரு கமரா மட்டும் எனக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாவம், அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, ரயில் மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு எடுக்கிறார் என்று அவர் காதுக்குக் கிட்டப் போனேன்.

"அப்பா, அங்கை அம்மா நிக்கிறா."

"ஓம்" என்றார் அப்பா. கமரா நிற்கவில்லை.

பல்வைத்தியர் சிவப்பு ஜாக்கெட்டைக் கண்டுவிட்டார். இஞ்சின் கிறீச்சிட்டு, அம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆவியைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு நின்றது. தபால்காரர் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து, ரயில் எங்கேயும் போகவில்லை, படத்துக்காகத்தான் பின்னுக்குப் போனது என்று விளங்கப்படுத்தினார். இன்னொரு தரம் ஓடிக் காட்ட முடியாதா என்று சிலர் கேட்டார்கள். பல்வைத்தியர் தலையாட்டி மறுத்தார். அடுத்த ஸ்டேஷனில் எதிர்ப்பக்கம் வரவேண்டிய ரயில், இது போய்ச் சேரும்வரை காத்து நின்றது. ஏணிக்காரர் அம்மாவைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கியது. விளங்காததுபோல நின்றார்.

பெட்டிக்குள் ஏறியதும் அம்மா முதலில் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ" என்றார் மெல்ல.

"எல்லாருக்கும் தெரியுமெண்டு நினைச்சன்."

"எனக்கு ஆர் சொன்னது? என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியளோ?"

அம்மா அவரது சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டார். தினமும் போடுகிற ஊசிதான். அன்றைக்கு மட்டும், "நோகுதோ?" என்று கேட்டார். பிறகு புட்டைப் பிரித்தோம். மூன்று பேரும் மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டோம்.

வீடு திரும்பும் ரயிலில் அம்மா எங்களுக்குப் பின்னால் தனி இருக்கையில் போய் இருந்து, நித்திரைபோல முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் இடைக்கிடை குலுங்கியது. ரயில் ஆட்டுகிறது என்று நினைத்தேன். அப்பா கமராவை என்னிடம் தந்தார். அதன் சின்னத் திரை அவருக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும்.

"என்ன வந்திருக்கெண்டு பார் பிள்ளை."

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். முதல் படத்தில் கல் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு படத்துக்குப் படம் கல் மங்கிக்கொண்டு போனது. இஞ்சின் மங்கியது. புகை பஞ்சாகக் கரைந்தது. கடைசியில் வெறும் சாம்பல் நிறத்துக்கு நடுவில் அம்மா மட்டும், ஜாக்கெட்டின் ஸிப் பல்லுக்கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக நின்றார். அப்பாவின் கைமுட்டிக்குக் கிட்ட, கோட்டில் அந்த மண்ணிற நாடாத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். நாடு விட்டு நாடு போகும் பெட்டிகளில்கூடக் கழலாத நாடா. குளிருக்கு விட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து, உரித்துக் குப்பையில் போட்டேன்.

"அப்பா, எல்லாம் பிழைச்சுப் போச்சு. இஞ்சின் மங்கல். அம்மாதான் தெரியுறா."

"எப்பிடி நிக்கிறா?" அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"கையை நீட்டிக்கொண்டு. பஸ் மறிக்கிற மாதிரி."

"முகம்?"

"பயந்துபோய். தலைமயிரெல்லாம் கலைஞ்சு. வடிவில்லை அப்பா. அழிக்கட்டோ?"

"வேண்டாம். கிடக்கட்டும்."

அவருக்கு மனம் உடைந்துவிட்டது, அழிக்கக்கூடச் சத்தில்லை என்று நான் நினைத்தேன்.

கண்ணை வெட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. மாரியோடு அதுவும் குறைந்துகொண்டு வந்தது. சுவரில் இருந்த இஞ்சின்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் அவற்றின் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டும், அம்மா குசினியில் நிற்கிற நேரம், என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துவார்.

"அந்தக் கடைசிப் படத்தைச் சொல்லு பிள்ளை."

எனக்கு அப்பாவில் சரியான பாசம். அவருடைய கடைசிப் படம் பழுதாகிவிட்டது என்பதை அவர் மறக்கவேண்டும் என்று விரும்பினேன். அதனால் கமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத எல்லாவற்றையும் சொல்லுவேன். இஞ்சின் கண்ணாடிபோல மினுங்குது அப்பா. சில்லு, கம்பி எல்லாம் அச்சொட்டாத் தெரியுது. புகை மேலை வரைக்கும் சுருள் சுருளாய்ப் போகுது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். குசினியில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

"வேறை?" என்பார் அப்பா.

"வெள்ளைக் கல்லு. புல்லு. பனிப்புகார்."

"வேறை என்ன தெரியுது?"

அவர் மனம் நோகக்கூடாது என்று நான் ஒவ்வொரு முறையும் மிகக் கவனமாக இருந்தேன்.

"வேறை ஒண்டும் இல்லை அப்பா. ஆள் ஒருத்தரும் இல்லை. நல்ல ரயில் படம்."