மெதுவான படமும் ஒரு கேசட்டும்

நவம்பர் எட்டு, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கினேன். பர் துபாய் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கினேன். நான்கு மணிக் காட்சிக்கு மனைவி செல்வியோடு போனேன். இத்தனை வருடத்தில் அவளாகக் கேட்ட முதல் படம். அதனால் குறை சொல்வதில்லை என்ற முடிவோடுதான் போனேன்.

ஊரே புகழ்ந்த காதல் படம். விருதுகள் வேறு. நாயகன் ஜன்னலைப் பார்த்தான். நாயகி நாயகனைப் பார்த்தாள். கேமரா மழையைப் பார்த்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு கோப்பையைக் கீழே வைக்க அவனுக்கு நாலு நிமிடம் ஆனது; கணக்கிட்டுத்தான் சொல்கிறேன். இருவரும் ஒரே ஊர், ஒரே தெரு. விசா தொல்லைகூடக் கிடையாது. பேசித் தொலைத்தால்தான் என்ன?

என் கட்டைவிரல் தானாக நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டிருந்தது. அது மங்காஃப் பழக்கம்.

துபாய்க்கு வருமுன் குவைத்தில், மங்காஃபில், எங்கள் அறையில் எட்டுப் பேர், ஒரு டேப் ரெக்கார்டர். வீட்டார் பேசிப் பதிந்த கேசட்டுகள் லீவு முடிந்து வருகிறவர் கையில் வரும். வெள்ளிக்கிழமை ஆளுக்கு அரை மணி நேரம். (அட்டவணை போட்டு ஒட்டியவன் நான்தான், வேறு யார்?) கேட்டதும் அதன் மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம்.

கல்யாணமான இருபத்தோராம் நாள் விமானம் ஏறியவன் நான். செல்வியின் முதல் கேசட் வந்தது. என் அம்மாவுக்கு மூட்டுவலி, ஓடு மாற்றியாயிற்று என்றெல்லாம் சொன்னாள். பிறகு பேச்சே இல்லை. பாத்திரச் சத்தம், காக்கைச் சத்தம். அடுத்த முறைக்காரரான பரமக்குடி அண்ணன் தலைமாட்டில் நின்று கத்தினார்.

“யோவ், காக்கா கத்துறதையா கேட்டுக்கிட்டு இருக்க? யல்லா, எந்திரி!”

கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். அங்கும் காக்கைதான். கேசட்டை எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளி, எழுதி வைத்திருந்த பதினான்கு விஷயங்களை அதே கேசட்டில் வரிசையாகப் பேசிப் பதிந்து அனுப்பினேன்.

படம் முடிந்து மெட்ரோவில் வரும்போது இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். செல்வி சிரிக்கவில்லை.

“அத்தை பக்கத்துலயே உக்காந்திருந்தாவ. அவிய எந்திரிச்சுப் போற வரைக்கும் பொறுத்திருந்துதாம் பேசுனேன்.”

“என்ன பேசுன?”

“ரெண்டரை மணி நேரப் படத்துக்கே அம்புட்டு பெருமூச்சு விட்டீய. ஒங்களுக்கு எதுக்கு அது?”

படம் மோசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மங்காஃப் கட்டடம் இப்போது இல்லை. டேப் ரெக்கார்டர் எவர் வீட்டிலும் இல்லை. அந்தக் கேசட்டைச் செல்வி பத்திரமாக வைத்திருக்கிறாள். அதில் இருப்பது என் குரல், பதினான்கு விஷயங்கள்.

ஞாயிறு ஐந்தரைக்கு எழுந்தேன். முதல் வேலையாக அடுக்களைக்குப் போய், “அன்னைக்கு என்ன சொன்ன, செல்வி?” என்று கேட்டேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றேன்.