சூடாகாத இஞ்சினுக்குத் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க. வயித்துக் கோளாறு உள்ளவங்க மட்டும் வாசலை ஒட்டி உட்காருங்க. ஏன்னு நான் கேட்க மாட்டேன். தேயிலை லாரி ஓட்டக் கண்ணும் காலும் நல்லா இருந்தாப் போதும்பாங்க. வயிறும் சொன்னபடி கேட்கணும்னு நம்மளுக்குத்தானே தெரியும்.

லாரிக்குக் காய்ச்சல்

எழுபதுகள்ல மலேசியாவில கேமரன் மலைத் தோட்டத்திலிருந்து அடிவாரத்துல இருக்கிற தாப்பாவுக்குத் தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போவேன். குடல்ல புண்ணு, முழுசா ஆறாது, மருந்தோடதான் காலம் தள்ளணும்னு டாக்டர் சொல்லிட்டார். தோட்டத்து மேனேஜர் துரை காதுக்குப் போனா லாரியைப் பிடுங்கிட்டு மண்வெட்டியைக் கொடுத்திடுவார். பொண்டாட்டியைத் தவிர யாருக்கும் மூச்சு விடலை. வழியில வயிறு முறுக்கினா, "இஞ்சின் சூடாயிடுச்சு"ன்னு நிறுத்திட்டுப் புதருக்குள்ள ஓடுவேன். லாரியில எடுபிடியா கூட வர்ற கெலிண்டான் மணியம் போனட்டைத் தூக்கித் தண்ணி ஊத்துவான். ஒருநாள் எங்களோட வந்த, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கிட்டே கேட்டார்: "ஏன்யா, எனக்கே பல்லு தந்தியடிக்குது. இறக்கத்துல போற உன் லாரிக்கு மட்டும் காய்ச்சலா?"

மாமன் மடி

ஈப்போவில என் ஒரே தங்கச்சி லட்சுமி. அவ மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான் மடியில வைக்கணும். புதுச்சட்டை, பையில தோடு. தானா ராத்தா பஸ் நிலையத்துல போய் நின்னேன். பஸ் நெறைய ஆளுங்க. நடுவழியில நிறுத்துங்கன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? கால் படியேறலை. பஸ் போயிடுச்சு. வேலைக்குப் போன லாரி வழியில பழுதாயிடுச்சுன்னு ஆள்கிட்டச் சொல்லியனுப்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மடியில வச்சுக் காது குத்தினாங்களாம். அப்புறமா எங்க வீட்டுக்கு வந்தப்ப, நான் கொடுத்த தோட்டை லட்சுமி என் கையிலேயே திருப்பி வச்சா. "பழுது லாரிக்குத்தானே? உன் மடிக்கு என்னண்ணே ஆச்சு?"

வழிஞ்ச தண்ணி

நாலு வருஷம் கழிச்சு அவ ரெண்டாவது மகளுக்குக் காதுகுத்து. சேதி வந்ததும் அந்தப் பஸ்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அதுக்குள்ள மணியமும் லைசன்ஸ் எடுத்திருந்தான்.

"நான் ஓட்டுறேன்ணே. நீங்க சொல்ற இடத்துலல்லாம் நிறுத்தலாம்."

"நான் எதுக்குடா நிறுத்தச் சொல்லப் போறேன்?"

"ரேடியேட்டர் மூடியைத் தொறந்தா ஒருநாளும் ஆவி வந்ததில்லைலா அண்ணே. ஊத்தின தண்ணியெல்லாம் ரோட்டுலதான் வழிஞ்சுது."

வழியில ரிங்லெட்ல காப்பிக்கடை வச்சிருந்த சீனர் எங்க லாரியைக் கண்டதும் கக்கூசுக்குப் போற கொல்லைக்கதவைத் திறந்துவிடுவாரே, அதுவும் இவன் சொல்லிவச்ச ஏற்பாடுன்னு அப்பத்தான் உறைச்சது! அவன் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். "தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேனேடா!"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்ணே."

ரெண்டாவது காதுகுத்து

திரிங்காப் ஊர்ல தெரிஞ்சவரோட காய்கறி லாரியை இரவல் வாங்கி, அஞ்சு இடத்துல நிறுத்தி, காலையில ஈப்போ போய்ச் சேர்ந்தோம். சின்னவளை மடியில வச்சேன். வீல்னு கத்தி என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. மூத்தவ ஓரமா நின்னு தன் காதைத் தடவிக்கிட்டே கேட்டா: "என் காதுகுத்துக்கு ஏன் மாமா வரலை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பவும் வயிறுதான் முந்திக்கிச்சு, நான் கொல்லைப்பக்கம் ஓடுறதுக்குள்ள மணியம் வாசலுக்குப் போய், காலையிலிருந்து சும்மா நின்ன லாரியோட போனட்டைத் தூக்கி, "புறப்பட நேரமாகும், இஞ்சின் சூடு"ன்னு எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கிட்டே தண்ணி ஊத்த ஆரம்பிச்சிட்டான்.