இடது காதுக்குக் கீழே ஒரு நெல்லளவு

என் மாமனார் வைரக்கண்ணு விட்டுப்போன பொருள்களில் இரண்டு சவர ரேசர்கள் என்னிடம் வந்தன. இரண்டுமே ஒரு பக்கம் மட்டும் கூருள்ள பிளேடு போடும் வகை. பழையது குட்டை. அதன் தலை சிறு கூடை போலக் குழிந்து, வழிக்கும் நுரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிளேடு முதுகில் தடித்து விளிம்பில் மெலிந்திருக்கும், கோடரியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கியது போல. புதியதற்கு நீண்ட கழுத்து. பிளேடுகள் ஒரு தகரக் கூட்டுக்குள் அடுக்கியிருக்கும். கூட்டை ரேசரின் பக்கவாட்டில் பொருத்தி விரலால் தள்ளினால் பழைய பிளேடு வெளியே விழும், புதியது உள்ளே போய் உட்காரும். கையில் கூர் படவே படாது.

இரண்டிலும் நான் சவரம் செய்து பார்த்திருக்கிறேன். புதியதில் தவறு செய்வது கடினம். பழையதில் கொஞ்சம் அசந்தால் ரத்தம். எது மேல் என்று கேட்டால் புதியது என்பேன். மாமனார் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய காரணம் ரேசரில் இல்லை.

ஆண்டிமடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவருக்குக் கொஞ்சம் முந்திரியும் கடலைக் கொல்லையும் இருந்தன. 1943இல் ஊரில் ஒரு பாதைத் தகராறு. கூலிக்காரர்கள் கிணற்றுக்குப் போகும் பாதையை நாட்டாமை சிங்காரவேலு வேலி போட்டு அடைத்துவிட்டார். வழக்கு அரியலூர் கோர்ட்டுக்குப் போனது. அந்தப் பாதையில் மக்கள் நடந்ததைப் பார்த்திருக்கிறாயா என்று வக்கீல் கேட்டார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் என்றார் மாமனார். அவ்வளவுதான் அவர் செய்தது. கூலிக்காரர்கள் மேல் அவருக்குத் தனிப்பட்ட பரிவு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்டார்கள், கண்டதைச் சொன்னார். அதைத் தியாகம் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஊர் கூடி அவரை விலக்கி வைத்தது. வண்ணான் துணி எடுக்கக் கூடாது, நாவிதர் கண்ணையன் அவர் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது. மீறினால் கண்ணையனுக்குக் களத்தில் வருசா வருசம் கிடைக்கும் நெல் கிடையாது. விலக்கு நீங்க வேண்டுமானால் வைரக்கண்ணு கூட்டத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சாட்சி சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

நாட்டாமை அவசரப்படவில்லை. "தாடி தொப்புளத் தொடட்டும். தானா வந்து வுழுவான்" என்றாராம்.

எங்கள் பக்கத்தில் தாடிக்கு இரண்டு காரணம்தான். ஒன்று வேண்டுதல், மற்றது சாவு. இரண்டும் இல்லாமல் ஒருவன் தாடியோடு திரிந்தால் அவன் தோற்றுப்போனவன் என்று பொருள். துணியைப் பஞ்சவர்ணம், அதாவது என் மாமியார், குட்டையில் துவைத்துவிட்டார். முகத்துக்கு என்ன செய்வது? பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு மாமனார் அன்று முழுவதும் கொல்லையிலேயே இருந்துவிட்டாராம்.

அந்த மாதக் கடைசியில் மாமியாரின் தம்பி சின்னதுரை பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். அஸ்ஸாமில் ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் சிகரெட்டுக்கு மாற்றி வாங்கிய ரேசர் அவர் பெட்டியில் இருந்தது. இரண்டு கூடுகளில் நாற்பது பிளேடு. விஷயத்தைக் கேட்டதும் எடுத்து நீட்டினார். "வச்சுக்க மாமா. கண்ண மூடிக்கிட்டு வழிச்சாலும் வெட்டாது."

அதுவரை எட்டு நாளைக்கு ஒரு முறைதான் மாமனாருக்குச் சவரம். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். இப்போது தினமும் விடிந்ததும் வழித்துக்கொண்டு, பளபளவென்ற முகத்தோடு நாட்டாமை வீட்டு வழியாகவே கொல்லைக்குப் போனார். தாசில்தார் போகிறார் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது என்று மாமியார் சொல்வார். இந்தக் கட்டத்தில் அவர் செய்தது கொஞ்சம் வீம்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து ஐந்து நாள் ஓட்டினார். ஆனாலும் மாசி பிறந்தபோது நாற்பதும் தீர்ந்துவிட்டன. யுத்த காலம். கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏறிப் பெரம்பலூர் போனார், அரியலூர் போனார். கடைகளில் இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடே அரிதாக இருந்தது. இவருடைய ரேசரைப் பார்த்த கடைக்காரர்கள் இது என்ன சாமான் என்று திருப்பிக் கேட்டார்கள். தோல்வி எவ்வளவு சிறிய பொருளில் தொங்குகிறது என்று நான் யோசித்ததுண்டு. அன்று அது ஒரு விரல் நீளத் தகட்டில் தொங்கியது.

லப்பைக்குடிக்காட்டில் தாவூது ராவுத்தர் என்று ஒரு கடைக்காரர், பினாங்கில் இருந்து திரும்பியவர். அவரிடம் பழைய ரேசர் ஒன்று இருப்பதாகப் பஸ்ஸில் யாரோ சொல்ல, மாமனார் போய்ப் பார்த்தார். ராவுத்தரின் வெள்ளைத் தாடி மார்பு வரை இருந்தது. கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

"நான் அல்லாவுக்காக வளத்துட்டேன், எனக்கு இனிமே இது ஆகாது. நீங்க நாட்டாமைக்காக வழிக்கிறீங்க. கொண்டு போங்க" என்று டப்பாவோடு கொடுத்துவிட்டார்.

பழைய ரேசருக்கு ஒரே பிளேடுதான். தேய்ந்தால் தீட்டிக்கொள்ளலாம். புதிய ரேசரின் மெல்லிய பிளேடுக்கு இல்லாத தகுதி இது. ஆனால் தீட்டத் தெரிய வேண்டும். மாமனாருக்கு அரிவாள் தீட்டத்தான் தெரியும். அந்தக் கல்லிலேயே இதையும் தேய்த்தார். மறுநாள் கன்னத்தில் மூன்று வெட்டு. அதற்கு அடுத்த நாள் பிளேடு முடியைப் பிடுங்கியது, அறுக்கவில்லை. நான்கு நாளில் முகம் கறுத்தது. பங்குனிக் கூட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வைரக்கண்ணுவும் வந்து நிற்க வேண்டும் என்று ஆள் சொல்லிவிட்டுப் போனான். இந்த முறை போய் விழுந்துவிடலாமா என்று மாமனார் கேட்டாராம். மாமியார் பிளேடை எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். கண்ணையன் அங்கேதான் சவரம் செய்வார்.

கண்ணையன் துணியைப் பிரித்துப் பார்த்தார். விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ தன் பிள்ளையை அடித்துவிட்டதைப் போல முகத்தைச் சுளித்தார்.

"அருவாக் கல்லுல தேச்சாராக்கும்?"

"ஆமா."

கண்ணையன் கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அவரு மொகத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னுதான் ஊர்க்கட்டு. தகட்டத் தீட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே" என்றார். தன் கத்திகளைத் தீட்டும் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பிறகு தோல்வாரில் இழுத்தார். கடைசியில் தன் முன்கை முடியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பத்து நாளைக்கு ஒரு தரம் கொண்டுவரச் சொன்னார்.

கூட்டத்தன்று மாமனார் வழித்த முகத்தோடு போய் நின்றார். நாட்டாமை அவரைப் பார்த்தார், அப்புறம் கண்ணையனைப் பார்த்தார். கூட்டமும் கண்ணையனைப் பார்த்தது.

"யாரு வழிச்சா?"

"நானேதான்."

"நாலு நாளைக்கு முன்ன கோழி கிண்டுன மாதிரி இருந்துச்சு மொகம். இன்னிக்கு எப்படி?"

மாமனார் பேசவில்லை. பேசினால் கண்ணையனின் நெல் போய்விடும். நாட்டாமை எழுந்து வந்து, அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கன்னம், கழுத்து, மோவாய் எல்லாம் சுத்தம். இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில், ஒரு நெல்லளவுக்கு முடி நின்றது. வீட்டிலிருந்த சின்னக் கண்ணாடியில் அந்த இடம் தெரியாது.

நாட்டாமை கையை எடுத்தார். "இது கண்ணையன் வேலை இல்ல. அவன் கண்ண கட்டிட்டு வழிச்சாலும் இப்படி வுட மாட்டான்" என்றார். கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷமா அவமானமா என்று தெரியவில்லை என்பார் மாமியார்.

விழச் சொன்னார்கள். விழ முடியாது என்று மாமனார் திரும்பி வந்துவிட்டார். விலக்கு நீடித்தது.

மறுநாளிலிருந்து அந்த நெல்லளவை அவர் வேண்டுமென்றே விட்டார். கண்ணாடி தேவையில்லை, விரலால் தடவித் தெரிந்துகொள்வார். இடையில் சின்னதுரை இன்னொரு கூடு பிளேடு அனுப்பியும் புதிய ரேசரை அவர் தொடவில்லை. அது அந்த இடத்தையும் வழுவழுவென்று வழித்துவிடும் என்று காரணம் சொன்னார். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை பிளேடு ஏரிக்கரைக்குப் போய் வந்தது. பார்க்கவும் பேசவும் கூடாத இரண்டு பேர் அதன் வழியாக ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். இப்படி வைத்துக்கொள்வது என் ஊகம்தான்.

1946இல் பாதை பொதுப் பாதை என்று தீர்ப்பானது. விலக்கு நீங்கிவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு காலையில் வண்ணான் வந்து துணி கேட்டார். மறுநாள் கண்ணையன் தன் பையோடு வாசலில் நின்றார்.

மாமனார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். கண்ணையன் எப்போதும் வலது கன்னத்தில் தொடங்குபவர். அன்று தண்ணீர் தடவி, கட்டைவிரலால் முகத்தை வலப்பக்கம் திருப்பி, முதல் கத்தியை இடது காதுக்குக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசமா இது என் கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க" என்றார்.

மாமனார் சிரித்தாராம். சிரிக்காதீங்க, கத்தி பட்டுடும் என்று கண்ணையன் அதட்டினார்.

இரண்டு ரேசர்களும் அன்றே தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. அடுத்த சவரம் வரையிலான எட்டு நாளும் என் மாமனார் நாளுக்கு நாள் கறுத்துவரும் முகத்தோடு நாட்டாமை வீட்டு வழியாகவே கொல்லைக்குப் போய் வந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.