சாந்தாம்மா கேட்ட தண்ணீர்க் கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். நான் கால்வாய்ப் பாலத்தருகே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எடுத்ததும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறவர், அன்று என் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஏகாம்பரம், நம்ம சாந்தாம்மா போயிட்டாங்க. நேத்து, அவங்க ஊர்ல. தூக்கத்துலயே."

டீ ஆறிப்போயிற்று. கடைக்காரர் "இன்னா பெர்சு, யாரு? சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஆசைதான். காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் கூடப்போகிறீர்கள். அவர் நினைவாக மலர்ப் புத்தகம் ஒன்றும் போடுகிறீர்கள். எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா டீச்சர் போனில் பதிந்து எழுத்தாக்குகிறார். என் பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மனைவி தனமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவருடைய உண்மையான பெயர் சாண்டா. ஜாம்பியா நாட்டுக்காரர். எங்கள் தெருக்காரர்கள் வாயில் அது முதல் நாளே சாந்தா ஆகிவிட்டது. இளவயதில் படிக்க வந்து, ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடியில் நான்கு வருடம் இருந்தவர். அந்த வீட்டில் பேசுவது பள்ளிக்கூடத் தமிழ். இவர் கற்றுக்கொண்டதோ வாசலுக்கு வந்த மீன்காரம்மாவிடம். "சாமியார்கிட்ட போய் 'இன்னா'ன்னு கேக்காதேம்மா" என்று டீச்சரின் அம்மா கெஞ்சுவாராம். "சரி, இன்னான்னு கேக்கணும்?" என்பாராம் இவர்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் மறுபடி வந்தது ஒரு பெரிய வேலைக்காக. ஆசியாவில் சில ஊர், ஆப்பிரிக்காவில் சில ஊர் எடுத்து, அங்கே இல்லாதவர்கள் இருக்கிற தெருக்களில் வீடு எப்படி, தண்ணீர் எப்படி, ஆஸ்பத்திரி எப்படி, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வேலை. தெருவுக்கு ஒரு தாள். தெருவை நன்றாகத் தெரிந்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் கால்வாயோரம் இருக்கிற எங்கள் தெருவுக்கு ஸ்டெல்லா டீச்சர் என்னைக் கைகாட்டினார். நான் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டியவன். சந்தைக்குச் சுமை ஏற்றுவேன். எழுத்து ஏறாத மண்டை என்பதாலோ என்னவோ, மற்றதெல்லாம் ஏறிக்கொள்ளும். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த மாதம் பிள்ளை பிறந்தது, எல்லாம் சொல்வேன். "தெருவே அவர் தலைக்குள்ள இருக்கு" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் வருகிற சேதி தெரிந்ததும் தெருவில் நான் ஒரு கூட்டம் போட்டேன். கூட்டம் என்ன, நான்தான் பேசினேன். "வெள்ளக்காரன் வந்து பாத்தாகூட பரவால்ல. ஆப்பிரிக்காக்காரி வந்து, உங்க ஊரும் எங்க ஊரு மாதிரிதான் கீதுன்னு எழுதிக்கினு போனா மானம் இன்னாத்துக்காவறது?" என்றேன். நாங்கள் ஒல்லியான ஆளைப் பார்த்தால் சோமாலியா என்று கூப்பிட்டுச் சிரிக்கிறவர்கள். அதனால் நான் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. தனத்துக்கு மட்டும் படவில்லை. "யோவ், வர்றவ பொண்ணு பாக்கவா வர்றா?" என்றாள்.

அப்போது தெருவில் ஒரு வீட்டிலும் குழாய் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். வீட்டு வாசலெல்லாம் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். அவர் வருகிற காலையில், அந்தக் குடங்களையெல்லாம் என் வண்டியில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். பாலத்து மேட்டில் சங்கிலி கழன்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். வண்டி நகரவில்லை. திடீரென்று லேசானது. திரும்பினால், தோளில் பையோடு ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணி பின்னாலிருந்து தள்ளுகிறார்.

"நீ ஹேண்டில புடி நைனா, நான் தள்றேன்."

தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி, குடங்கள் வாயைக் காட்டிக்கொண்டு இருந்தன. அவர் அதைப் பார்த்தார். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நம்ம பேச்சு பேசியதால், இங்கேயே இருக்கிறவர் யாரோ என்று நினைத்தேன்.

தெருவுக்குத் திரும்பினால் நாங்கள் வாடகைக்கு எடுத்துப் போட்ட நாற்காலியில் வண்டி தள்ளிய அதே பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். அப்போதாவது சிரித்து ஒப்புக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் தெருவே நின்றுகொண்டிருந்தது. முதல் கேள்வி வீடு. இரண்டாவது, எத்தனை பேர். இரண்டுக்கும் சரியாகச் சொன்னேன். மூன்றாவதுக்கு வந்தார்.

"நைனா, தண்ணி எங்கேர்ந்து வருது?"

"வூட்டுக்கு வூடு கொழாய் கீதும்மா. இருபத்துநாலு மணி நேரமும்."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு தண்ணி லாரி தெருவுக்குள் நுழைந்தது. முதல் நாள் வராததால் அன்றைக்கு வந்திருக்கிறது. பெண்கள் வெறுங்கையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்க் கையை ஆட்டினேன். "இங்க தேவையில்லப்பா, நீ போ."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா பெரியவரே, போன தபா லேட்டா வந்தேன்னு சட்டையப் புட்ச்சீங்க. இன்னிக்கு தேவையில்லன்றீங்க? தெருவுக்கே இன்னா ஆச்சு?"

"போன்னு சொல்றேன்ல!"

லாரி பின்னாலேயே போய்த் திரும்பிக்கொண்டது. சாந்தாம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "காலி கொடத்துக்கு இவ்ளோ பாரம் கீதா நைனா?" என்றார். அதட்டலும் இல்லை, கிண்டலும் இல்லை. விசாரிப்பது போல இருந்தது.

அன்று வீடு சேர்ந்ததும் தனம், "அரிசிய அளந்து வச்சுக்கீறேன். உன் மானத்த ஊத்து, ஒலை வைக்கிறேன்" என்றாள். நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதைவிட எதிர்வீட்டுச் செல்வி செய்ததுதான் இன்றும் என்னை அறுக்கிறது. பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். வயிற்றில் தையல். சாயங்காலம் நான் கொண்டுவந்து கொடுத்த குடத்தையே எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய் மூன்று நடை தண்ணீர் தூக்கினாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

இதுவரை நான் சொன்னது தெருவுக்குத் தெரியும். சிரித்துக்கூட இருக்கிறோம். இனிமேல் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் சாந்தாம்மா தனியாக வந்தார். நான் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி மேலேயே ஏறி உட்கார்ந்தார். "எங்க ஊர்ல எண்ணெய் வர்ற மஞ்ச கேன் கீது பாரு, அதுலதான் தண்ணி புடிப்போம். உங்க ஊர்ல கலர் கலரா கொடம். தூக்கற கழுத்து ஒண்ணுதான்" என்றார். பிறகு தாளை எடுத்தார். அந்தத் தாள்களில் எழுதியிருப்பதை வைத்து, தண்ணீர் இல்லாத தெருக்களுக்குக் குழாய் போட ஒரு தர்ம ஸ்தாபனம் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றும், அந்த வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"நீங்கதான் பாத்துட்டீங்களேம்மா. பாத்தத எழுதிக்கோங்க" என்றேன்.

"எங்க ஊருக்கு எத்தினியோ பேரு வந்து பாத்தாங்க. பாத்தத எழுதிக்கினு போனாங்க. ஒருத்தரும் எங்கள கேக்கல. நான் கேட்டுத்தான் எழுதுவேன். உன் வாயால சொல்லு."

சொல்லவில்லை. ஒரு வரி. லாரிதான் வருகிறது என்று ஒரு வரி. பக்கத்தில் ஒருவரும் இல்லை, தெரு தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. "அதான் நேத்தே சொல்ட்டேனேம்மா" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் எங்களுக்கு முன்தெருவுக்கும் பின்தெருவுக்கும் குழாய் வந்தது. எங்கள் தெரு விட்டுப்போயிற்று. "இன்னாத்துக்கு நம்மள மட்டும் வுட்டாங்க?" என்று பெண்கள் கேட்டபோது, "யாருக்குத் தெரியும்" என்றேன். எங்களுக்கு வேறு வழியாகக் குழாய் வர மேலும் ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடமும் தனம் இடுப்பில் குடம் சுமந்தாள். இன்று மூட்டு வலிக்கு அவள் தைலம் தேய்க்கும்போது நான் வெளியே போய்விடுவேன்.

இதைச் சொன்னதும் தனம் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஸ்டெல்லா டீச்சர் போனை நிறுத்தப் போனார். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகும் சாந்தாம்மா நான்கு முறை வந்தார். வரும்போதெல்லாம் நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல, "உங்க ஊரு மேலா, எங்க ஊரு மேலாம்மா?" என்று கேட்பேன். அவர் ஒருமுறைகூட ஊர் பெயரைச் சொன்னதில்லை. "எதுல நைனா?" என்பார். பிள்ளைப்பேறு என்றால் உங்களுக்கு ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது என்பார். இடம் என்றால், எங்கள் ஏழைக்குக்கூட வீட்டுக்குப் பின்னால் நாலு சோளச்செடி நட இடம் உண்டு, நீங்கள் ஒரே அறையில் ஆறு பேர் என்பார். சாப்பாடு என்றால் "நீ களி துன்ன மாட்ட, நாங்க தெனமும் சோளக்களிதான் துன்றோம். இதுல யாரு மேலு?" என்பார்.

ஒருமுறை, "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க வூட்ல கொழாய் இருந்துச்சு நைனா. எங்கப்பாவுக்கு செம்பு சொரங்கத்துல வேல" என்றார்.

"செம்பா? தண்ணி மொள்ற செம்பா?"

"அந்த செம்ப செய்ற செம்பு. அதுக்கு வெல இருந்த வரைக்கும் எங்களுக்கு எல்லாம் இருந்துச்சு. வெல வுழுந்துச்சு, கொழாயும் காஞ்சு போச்சு."

என் சின்ன வயதில் நாங்கள் கால்வாயோரம் ஊற்று தோண்டிக் குடித்தோம். அதே காலத்தில் அவர் வீட்டில் திறந்தால் தண்ணீர். இருபத்துநாலு மணி நேரமும் என்று நான் யாரிடம் போய் அளந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது பேனாவைத் திறந்து, "நைனா, தண்ணி?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். பேனாவை மூடுவார். கடைசியாக வந்தபோது எப்படியும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். ஆரம்பித்து, வழக்கம்போல, "யாரு ஊரும்மா மேலு?" என்றுதான் வந்தது.

"எதுல நைனா?"

"மானத்துல."

இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அதுல ரெண்டும் ஒண்ணுதான். காஞ்சு போன கொழாய எங்கப்பா தெனமும் பளபளன்னு தொடச்சு வைப்பாரு. யாரு வந்தாலும், இன்னிக்குத்தான் ரிப்பேருன்னுவாரு. சாவற வரைக்கும் அதேதான் சொன்னாரு." என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்று பேனாவைத் திறக்கவில்லை. கேட்கவும் இல்லை. விட்டுவிட்டார். அவர் செய்ததிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நேற்று ஸ்டெல்லா டீச்சர் அவருடைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுத்து. ஒரு பக்கம் அவர்கள் ஊர்த் தெருக்கள், ஒரு பக்கம் நம் ஊர்த் தெருக்கள். என் விரலைப் பிடித்து எங்கள் தெருவின் மேல் வைத்து, வரிசையாக நகர்த்தினார். வீடு, எழுதியிருக்கிறது. ஆட்கள், எழுதியிருக்கிறது. தண்ணீர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் சொன்ன பொய்யும் இல்லை, அவர் பார்த்த நிஜமும் இல்லை. இனி அதில் சேர்க்க முடியாதாம். அதனால் இங்கே சொல்கிறேன். தெருக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, எங்கள் தெருவில் அப்போது குழாய் ஒன்றுகூட இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும், சில வாரம் அதுவும் வராது. வராத நாளில் பெண்கள் பாலம் தாண்டி நடப்பார்கள். ஆண்கள் யாரும் தூக்கியதில்லை, நானும்தான். அன்று வண்டியில் நான் ஏற்றி மறைத்தது எழுபத்தோரு குடம்.

உள்ளேயிருந்து தனத்தின் குரல் வந்தது. "எழுவத்திமூணு. செல்வி வூட்து ரெண்ட வுட்டுட்ட."

சரி, எழுபத்துமூன்று.

சாந்தாம்மாவின் படம் என்னிடம் இல்லை. கடிதம் வந்திருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தக் காலிக் கட்டம்தான். அத்தனை பெரிய புத்தகத்தில் என்னால் படிக்க முடிகிற ஒரே இடம் அது.