கை ஓயாதவள்

வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. பேச்சு கைகளுக்குக் குடிபெயர்ந்தது. தட்டில் சோறு ஆறினாலும் அந்தக் கைகள் ஓயாது. சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா, வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பார்ப்பதா மகளைப் பார்ப்பதா என்று திண்டாடுவாள்.

வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, அரசு நிதியில் அவளுக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். பேராசிரியர் பேசப் பேச, அந்த அக்கா பலகை ஓரம் நின்று கையால் சொல்வார். முதல் ஆண்டில் வாயாடி வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். வினையே அதுதான். அடுத்த ஆண்டு தொடங்கியதும் அக்காவைக் காணோம். "நல்லாத்தானே படிக்கிறா, இனிமே அவளே சமாளிச்சுக்குவா" என்று உதவி நிதி அலுவலகம் நிறுத்திவிட்டதாம்.

சமாளித்துப் பார்த்தாள். உதடுகளைப் படிக்கலாம் என்றால், பேராசிரியர் பலகையைப் பார்த்தே பேசினார். ஆய்வகத்தில் யாரோ கத்திய எச்சரிக்கை அவளை எட்டவில்லை; அமிலம் தெறித்து முன்கை கொப்புளித்தது. கட்டுப் போட்ட கையோடு மேல்முறையீடு செய்தாள்.

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வாயாடி எழுந்து, கைகளால் தன் வழக்கைச் சொன்னாள். மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். நடுவில் இருந்த தலைவர், கூட வந்திருந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணு என்னம்மா சொல்றா?"

அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் வரும் வழியிலேயே இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

"அவளையே கேளுங்க சார்."

"எங்களுக்குச் சைகை தெரியாதேம்மா."

"தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. நான் அம்மாவா வந்திருக்கேன்."

"நீங்களே சொல்லிடுங்கம்மா, சட்டுனு முடிச்சிடலாம்."

"ஒரு ஆள் இல்லாம உங்க மூணு பேருக்கே ஒண்ணும் ஓடல. வகுப்புல அவ மட்டும் எப்படி சார் சமாளிப்பா?"

வாயாடி நிறுத்தவில்லை. அமிலம் தெறித்ததையும் கையில் கட்டுப் போட்டதையும் சொல்லி முடித்து, பதிலுக்காக நின்றாள். வேறு வழியில்லாமல் விசாரணை தள்ளிப்போனது.

அடுத்த முறை, அலுவலகச் செலவிலேயே வந்து நின்றார் பழைய அக்கா. வாயாடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னாள். நிதியைத் திரும்பத் தருவதாகச் சொன்னார் தலைவர். பட்டம் முடியும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்றாள் அவள்.

"பார்க்கலாம்மா."

அவள் கைகள் அசைந்தன. அக்கா அதே சூட்டோடு குரல் கொடுத்தார்: "இப்பவே பாருங்க சார்."

பார்த்தார்கள், எழுதியும் கொடுத்தார்கள். தவறிப்போன ஆய்வகப் பாடத்தை மட்டும் அவள் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. அதற்கு யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. படித்து முடித்தாள்.