வேகம் குறித்த நோட்டு

2011-ல் சிதம்பரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். கடிதங்களை இணையத்திலேயே வைத்துத் திறக்கும் புது மென்பொருள் வந்திருந்தது. ஒரு கடிதம் திறக்க இருபது விநாடி ஆனது.

"நெட்டுல பாட்டு கேக்குறியாம்மா?" என்று ஆபரேட்டர் மலரைக் கேட்டேன்.

"நெட்டுதான் சார் ஸ்லோ. வேணும்னா அளந்து பாருங்க."

வேகம் அளக்கும் பக்கத்தை என் கணினியில் திறந்தேன். ஒரு சோதனை முடிந்ததும் அடுத்தது என்று தினமும் நாள் முழுக்க ஓட்டி, வேகத்தையும் மலருக்குக் கடிதம் திறக்கும் நேரத்தையும் நோட்டில் குறித்தேன். என் திரையில் வேகம் நன்றாகவே காட்டியது. மலரின் இருபது விநாடி ஐம்பத்திரண்டானது. கோபத்தில் வேலையை இழுக்கிறாள் என்று நினைத்து நோட்டை மேலாளரிடம் கொடுத்தேன். அளக்கத் தொடங்கிய பதினோராம் நாள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

மறுவாரம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நெட் இணைப்பைப் பார்க்க வந்த மெக்கானிக், அப்போதும் சோதனை ஓடிக்கொண்டிருந்த என் திரையைப் பார்த்துச் சிரித்தார். "அளக்குறேன்னு லைன் முழுசும் நீங்களே இழுத்துக்கிறீங்க சார். அவுங்களுக்கு எங்க மிச்சம்?"

பக்கத்தை மூடினேன். கடிதம் இருபது விநாடியில் திறந்தது. மேலாளரிடம் ஓடினேன், வேறு ஆள் வந்தாயிற்று என்றார்.

காட்டுமன்னார்கோயிலில் மலரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"வாங்க சார். இப்ப எத்தன செகண்டுல தொறக்குது?"

எல்லாவற்றையும் எண்ணும் எனக்கு அந்த ஓர் எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.